கச்சேரி இருக்கிற ஊர்

மாப்பிள்ளை இடம் விசாரிப்பதில், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. நினைத்தது மட்டுமில்லை, வாய் கிழியச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அங்கே பெர்தொனே தெருவில் ஒரு நகைக்கடையில் பதினெட்டு வருஷமாகத் தாலிக்கொடி எடுத்துக் காட்டுகிறவள் நான். கல்யாணம் பேசுகிற சனம் முழுக்க எங்கள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்தான் வந்து நிற்கும். பையன் குடிப்பானா, தாய் தகப்பன் எப்படி, முதலில் ஒன்று முடித்து மறைத்தவனா, எல்லாம் இரண்டு தொலைபேசி அழைப்பில் எனக்கு வந்துவிடும். "அக்கா ஓம் எண்டு சொன்னால் செய்வம்" என்று என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்ற குடும்பங்கள் எத்தனையோ.

அப்படிப்பட்ட நான் என் சொந்தத் தங்கச்சியைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டேன். அதைச் சரிப்படுத்தவும் நான்தான் போனேன். போய் அவளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

தங்கச்சி 2010இன் கடைசியில் பாரிஸுக்கு வந்து சேர்ந்தாள். வன்னியில் யுத்தத்தின் கடைசி மாதங்கள், பிறகு முகாம், பிறகு என்னென்னவோ நாடுகள், அதன் பிறகு பாரிஸுக்கு வெளியே பியர்ஃபித்தில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் வரவில்லை. இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே பங்கருக்குள் ஷெல் விழுந்து செத்துப்போனார்கள். அவள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். நான் தொண்ணூறுகளிலேயே வெளிக்கிட்டு வந்துவிட்டவள். எனக்கு அந்த நாள் தொலைபேசியில்தான் கிடைத்தது.

அவளோடு வந்தது ஒரு நீலப் பள்ளிக்கூடப் பை. அதற்குள் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், அவளுடைய பரீட்சைப் பெறுபேறு, எங்கள் வளவின் காணி உறுதி, எல்லாம் பொலித்தீனில் சுற்றியபடி. "பையை மட்டும் விட்டிடாதை" என்று அம்மா ஒவ்வொரு இடம்பெயர்விலும் சொல்லுவாவாம். எங்கள் வீட்டில் அவள் இருந்த மூன்று வருஷமும் அந்தப் பை கதவடியில், சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் இருந்தது. நானே இரண்டு தடவை அதில் தடக்கி விழுந்தேன்.

"எடியே, உதைத் தூக்கி அலுமாரிக்கை வையடி. இஞ்சை ஆர் ஷெல் அடிக்கப்போறான்?"

"இருக்கட்டும் அக்கா."

பாரிஸில் மாதத்தின் முதல் புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சைரன் அடித்துச் சோதித்துப் பார்ப்பார்கள். இங்கே இருக்கிற நாங்கள் அதைக் காதிலேயே விழுத்துவதில்லை. அவளோ அந்தப் பையை அணைத்துக்கொண்டு குசினி மேசைக்குக் கீழே போய்விடுவாள். சைரன் நின்று பத்து நிமிஷத்துக்குப் பிறகுதான் வெளியே வருவாள். எனக்குப் பாவமாக இருக்கும். எரிச்சலும் வரும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு வேண்டியது சனமும் சத்தமும் என்று நானாகவே ஒரு முடிவு கட்டினேன். சனிக்கிழமை தவறாமல் லாச்சப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கடையில் இருத்துவேன். வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். "உவதானே கடைசியாத் தப்பி வந்த தங்கச்சி? தாய் தேப்பன் எப்பிடிச் செத்தவை, பிள்ளை?" அவள் வாய் திறக்க மாட்டாள். நான் விடுவேனா? பங்கர், தண்ணீர்க் குடம், அவள் ஓடிவந்து பார்த்தது, எல்லாவற்றையும் நேரில் நின்று கண்ட மாதிரிச் சொல்லுவேன். கேட்கிறவர்கள் "ஐயோ, ஐயோ" என்பார்கள். அவள் தலையைக் குனிந்து கண்ணாடிக்குள் இருக்கும் தாலிக்கொடிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சொல்லச் சொல்ல எனக்குப் பாரம் குறைந்தது என்பது உண்மை. அவளுக்குக் கூடியது என்று எனக்குத் தெரியவில்லை.

அவளுடைய அகதி விண்ணப்பத்துக்கு அலைந்த காலத்தில் ஒரு கேள்வி மட்டும் எங்கள் இரண்டு பேரையும் வாயடைக்க வைத்தது. பெற்றோரின் மரணச் சான்றிதழ் எங்கே? நீலப் பைக்குள் எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை. பதிவு செய்ய அங்கே யார் இருந்தார்கள்? அவர்கள் பிறந்ததற்குப் பேப்பர் உண்டு, கல்யாணம் முடித்ததற்கு உண்டு, செத்ததற்கு ஒரு துண்டும் இல்லை. பிறகு ஒருமாதிரி அவளுக்கு வதிவிடக் கார்ட் கிடைத்தது. அந்தக் கேள்வியை நான் மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அமெரிக்க மாப்பிள்ளை வந்தார். பாரிஸுக்கு வெளியே கூசேன்விலில் இருந்து விமான நிலையத்துக்கு வேலைக்குப் போகிற ஒரு அண்ணை, தன் அக்காவின் மகனுக்குப் பெண் பேசிக்கொண்டு கடைக்கு வந்தார். பையன் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற வேலை. நான் என் வித்தை முழுவதையும் காட்டி விசாரித்தேன். தங்கமான பிள்ளை என்று கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஒரே பதில். ஒன்றுதான் பாக்கி.

"அண்ணை, பெடியன் இருக்கிறது டவுனோ, பட்டிக்காடோ? உவளைப் பட்டிக்காட்டிலை விடேலாது."

"டவுன்தான் பிள்ளை. சும்மா டவுன் இல்லை, அந்த மாவட்டத்துக்கே தலைநகர். கவுண்டி எண்டு சொல்லுவினம். கோர்ட், கச்சேரி, சிறைச்சாலை, ஆஸ்பத்திரி எல்லாம் அங்கைதான்."

கச்சேரி! எங்கள் நாட்டில் காணி, பிறப்பு, இறப்பு என்று மாவட்டத்துக் காரியம் அத்தனையும் நடக்கிற அரச செயலகத்துக்குப் பெயர் கச்சேரி. கச்சேரி இருக்கிற ஊர் என்றால் எங்கள் ஆட்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பஸ் நிலையம், பெரிய சந்தை, நாலு தியேட்டர், ஐஸ்கிறீம் கடை, தோளோடு தோள் இடிக்கிற சனம். அண்ணை ஒரு படமும் காட்டினார். சிவப்புக் கல்லில் மூன்று மாடிக் கட்டடம், உச்சியில் கோபுரம், நாலு பக்கமும் மணிக்கூடு. அதைப் பார்த்ததும் நான் கவிழ்ந்தேன். அந்தப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

என் மகள் கணினியில் அந்த ஊரை வானத்திலிருந்து பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் சொன்னாள்: "அம்மா, அங்கே ஒன்றுமே இல்லையே." உனக்கென்னடி தெரியும், அது தலைநகர் என்று அவள் வாயை அடைத்தேன். தங்கச்சியிடம் கேட்டபோது, "நீ சொன்னால் சரி அக்கா" என்றாள். கல்யாணம் பாரிஸில் நடந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு விசா வந்து, நீலப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு வருஷம் தொலைபேசியில் பேசினோம்.

"என்னடி செய்தனீ இண்டைக்கு?"

"கச்சேரியடிக்குப் போட்டு வந்தனான்."

"சனமோ?"

"இல்லை அக்கா, சனமில்லை."

லீவு நாளாக்கும் என்று விட்டுவிடுவேன். ஒருநாள் வீடியோவில் வந்தபோது, "உங்கடை ரோட்டை ஒருக்காக் காட்டடி, பாப்பம்" என்றேன். யன்னலுக்கு நேரே பிடித்தாள். ஒரு புல்தரை, ஒரு மரம், ஒரு றோட்டு. நான் ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஈ காக்கை கடந்து போகவில்லை. அந்தக் கிழமையே எனக்குப் போய்வர ஒரு விமான ரிக்கெற்றும், அவளுக்குத் திரும்பி வர ஒரு ரிக்கெற்றும் போட்டேன். இரண்டாவதைப் பற்றி ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

இறங்கிய விமான நிலையத்திலிருந்து மூன்று மணித்தியாலம் கார். தங்கச்சியின் மனிசன்தான் ஓட்டினார், அவள் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் சோளம், சோளம், சோளம். கடைசியில் உயரமான தானியக் குதிர் ஒன்றும், ஊர்ப் பெயர் எழுதின தண்ணீர்த் தாங்கி ஒன்றும் தெரிந்தன. "வந்திட்டம் அக்கா" என்றார்.

"எங்கை தம்பி வந்தது? ஊர் எங்கை?"

"இதுதான்."

"உதையோ டவுன் எண்டு சொன்னனீங்கள்?"

"டவுன்தான் அக்கா. மூவாயிரம் பேர்."

"எங்கடை பில்டிங்கிலையே மூவாயிரம் பேர் இருப்பினம், தம்பி!"

அவர் சிரித்தார். "கச்சேரி இருக்குத்தானே அக்கா."

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் காரை ஓட்டிக்கொண்டிருந்தது அவருடைய நல்ல காலம்.

வீட்டு வாசலில் தங்கச்சி நின்றாள். கட்டிப்பிடித்தேன். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். உள்ளே நுழைந்ததும் என் கண் கதவடிக்குத்தான் போனது. பை இல்லை. எனக்கு அது இன்னும் பயத்தைத் தந்தது.

அடுத்த நாள் காலை, மனிசன் வேலைக்குப் போனபின், இரண்டு பேரும் ஊர் பார்க்கப் புறப்பட்டோம். பஸ் கிடையாது, நடைதான். நடக்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். எங்களைக் கடந்து போன ஒவ்வொரு வாகனத்திலும் ஸ்ரியரிங்கில் இருந்து இரண்டு விரல் எழும்பியது. பயந்து போனேன். "என்னடி செய்யிறாங்கள்?" என்றால், "வணக்கம் சொல்லினம் அக்கா" என்கிறாள். தெரியாத ஆட்களுக்கு வணக்கம் சொல்லி லாச்சப்பலில் நடந்தால் நான் கடை திறக்க மத்தியானமாகிவிடும்.

இருபது நிமிஷத்தில் ஊர் முடிந்துவிட்டது. ஒரு சந்தியில் ஒரேயொரு சிக்னல், அதுவும் மஞ்சளில் மினுங்கிக்கொண்டே நின்றது. நடுவில் சதுரமாக ஒரு புல்வெளி, அதற்குள் அந்தக் கச்சேரி, சுற்றிவர நாலு பக்கமும் கடைகள். பாதிக் கடைகளுக்குக் கண்ணாடியில் காகிதம் ஒட்டியிருந்தது. திறந்திருந்தவற்றில் ஒரு வங்கி, ஒரு மருந்துக்கடை, தொப்பி போட்ட சோளக் கமக்காரர்கள் கோப்பி குடிக்கிற ஒரு சாப்பாட்டுக் கடை. இன்னொரு கடையில் தூண்டிலும் மான் சுடுகிற துவக்கும் ஒரே சுவரில், பக்கம் பக்கமாக. சாமான் வாங்கப் போகிற கடையில் துவக்கு! தேவாலயங்களை எண்ணினேன், ஒன்பது. மூவாயிரம் பேருக்கு ஒன்பது. சிறைச்சாலை கச்சேரிக்குப் பின்னால், ஒரு சின்னப் பள்ளிக்கூடம் மாதிரி. சந்தை எங்கே என்றேன். சனிக்கிழமையில் இந்தப் புல்வெளியில் நாலு மேசை போடுவார்களாம்.

கச்சேரி முற்றத்துக்கு வந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். புல்லுக்கு நடுவே ஒரு பீரங்கி. உண்மையான பீரங்கி, வாய் றோட்டைப் பார்த்தபடி.

"கடவுளே! இதையோ நீ ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டு திரியிறாய்?"

"அது நூறு வரியத்துக்கு முந்தினது அக்கா. பாரன், வாய்க்குள்ளை குருவி கூடு கட்டியிருக்கு."

எட்டிப் பார்த்தேன், கூடு இருந்தது. என் மனம் ஆறவில்லை. ஷெல்லுக்குத் தப்பி வந்தவளைப் பாழுங்கிணற்றில் தள்ளிப்போட்டேன், அதுவும் விசாரித்து, ஆராய்ந்து, படம் காட்டித் தள்ளினேன். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"பிள்ளை, உனக்கும் நான் ரிக்கெற் போட்டு..."

அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே சைரன் அடித்தது. பாரிஸில் அடிப்பது எங்கேயோ தூரத்தில். இது கச்சேரிக் கூரையில், காதைப் பிளந்துகொண்டு. இருபது வருஷமாகச் சைரனைக் காதில் விழுத்தாத நான், பீரங்கிச் சில்லுக்குப் பின்னால் குந்திவிட்டேன். குந்தியபடியே தங்கச்சியைப் பிடித்து இழுக்கக் கை நீட்டினேன்.

அவள் நின்றுகொண்டிருந்தாள். கைமணிக்கூட்டைப் பார்த்தாள்.

"பன்னிரண்டு மணி. எழும்பு அக்கா, சுழல்காத்துக்குச் சோதிச்சுப் பாக்கினம்."

"உனக்குப் பயமில்லையோடி?"

"உதை அமத்துற மனிசனை எனக்குத் தெரியும். தன்ரை தோட்டத்துத் தக்காளி கொண்டுவந்து தாறவர்."

என்னைத் தூக்கி நிறுத்திப் பாவாடையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். யார் யாரைக் காப்பாற்ற வந்தது?

"உள்ளுக்கை வா. உன்னை ஒருத்தவவிட்டைக் கூட்டிக்கொண்டு போகவேணும்" என்றாள்.

கச்சேரிக்குள் போனால் வரிசை இல்லை. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிரான்சில் கார்ட் புதுப்பிக்கிற பிரிபெக்சர் வாசலில் விடியப்புறம் போய் இடம் பிடித்து, குளிரில் நின்று, உள்ளே போய் இலக்கம் எடுத்து, ஒரு போட்டோப் பிரதி குறைந்ததென்று திரும்பி வந்த ஆள் நான். இங்கே ஒரு நீளமான மேசை, அதற்குப் பின்னால் வெள்ளைத் தலைமயிரோடு ஒரு வெள்ளைக்கார மனுசி. எங்களைக் கண்டதும் எழும்பி வந்து தங்கச்சியின் கையைப் பிடித்தாள். பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். தங்கச்சி ஓம் என்று தலையாட்டினாள். அந்த மனுசி உள்ளே போய், இரண்டு கையாலும் தூக்கவேண்டிய ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"வீடு வாங்கினபோது பதியிறதுக்கு வந்தனாங்கள்" என்று தங்கச்சி சொன்னாள். "உவ எனக்குப் பழைய புத்தகமெல்லாம் காட்டினவ. நூறு நூற்றைம்பது வரியத்துக்கு முன்னம் எங்கையெங்கையோ இருந்து வந்த சனம், தங்கடை பேப்பரைத் துலையாமல் இருக்க இதிலை பதிஞ்சு வைச்சிருக்கினம். நானும் பதியலாமோ எண்டு கேட்டன். ஓம் எண்டவ."

"என்னத்தைப் பதிஞ்சனீ?"

பக்கத்தைத் திருப்பினாள். எங்கள் வளவின் உறுதி. அடுத்ததில் அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், அம்மாவினுடையது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு, மேலே அந்தக் கவுண்டியின் முத்திரை, ஓர் இலக்கம். சோளக்காட்டுக்கு நடுவே, அந்தத் தடித்த புத்தகத்தில், அம்மாவின் பெயர் தமிழில் இருந்தது.

அதற்கடுத்த பக்கம் தட்டச்சுச் செய்த ஒரு தாள். எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. ஆனாலும் இரண்டு பெயர்கள், ஓர் ஊர், 2009 என்ற வருஷம், கீழே தங்கச்சியின் கையெழுத்து, இவ்வளவும் தெரிந்தன.

"இது என்னடி?"

"அவையள் செத்ததுக்கு. நான் கண்ணாலை கண்டது எண்டு சத்தியம் பண்ணி எழுதினது. உவ ஒரு சொல்லும் கூடக் கேக்கேல்லை அக்கா. நான் சொன்னதை எழுதினவ, வாசிச்சுக் காட்டினவ, முத்திரை குத்தினவ. பிறகு எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தவ."

மூன்று வருஷம் லாச்சப்பல் முழுக்கச் சொன்னேன். ஒருவர்கூட அதை எழுதி வைக்கவில்லை. நானும் எழுதவில்லை. இந்தப் பெரிய உலகத்தில் என் அப்பாவும் அம்மாவும் செத்தார்கள் என்று எழுதியிருக்கிற ஒரே இடம், நான் பட்டிக்காடு என்று திட்டிக்கொண்டு வந்த இந்த ஊரின் கச்சேரி. வெட்கத்தில் என் முகம் சுட்டது.

"பை எங்கை?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"குசினிக்குள்ளை கொழுவியிருக்கே, காணேல்லையோ? வெங்காயம் போட்டு வைச்சிருக்கிறன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ எனக்கு ரிக்கெற் போட்டனீ எண்டு விளங்கீற்றுது. நான் வரேல்லை. அம்மாவும் அப்பாவும் இஞ்சை இருக்கினம் அக்கா. விட்டிட்டு எப்பிடி வாறது?"

நான் அழுதேன். அந்த மனுசிக்கு முன்னால், குரலெடுத்து அழுதேன். எத்தனையோ தடவை அந்தக் கதையைச் சொன்ன எனக்கு அதுவரை அழுகை வந்ததில்லை.

அவள் தாளின் அடியில் விரலை வைத்துக் காட்டினாள். தன்னுடைய கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு வெறுமையாக இருந்தது.

"மற்றப் பிள்ளையும் வைச்சால் நல்லம் எண்டு உவ இடம் விட்டவ. ஒரு வரியத்துக்கு மேலாப் பாத்துக்கொண்டிருக்கிறன், நீ எப்ப வருவாய் எண்டு."

அந்த மனுசி பேனையை என் பக்கம் தள்ளினாள். எடுத்தேன். அந்த இரண்டு பெயரையும் இன்னொரு தரம் வாசித்தேன். மனுசி அவசரப்படுத்தவில்லை, கதிரை ஒன்றை இழுத்துப் போட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வரிசையில் ஒருவரும் இல்லை.